கழுத்து வெடிக்கும் தோட்டாக் கூடும் கேக் டின் மிஷினும்

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2023

அண்ணே, டெக்சஸ்ல இருக்கேன். 308 வின்செஸ்டர் ரைஃபிள், சுட்ட தோட்டாக் கூட்டையே புது வெடிமருந்தும் குண்டும் வச்சுத் திரும்ப லோட் பண்ணித்தான் ரேஞ்சுக்குப் போறேன். அஞ்சாவது தடவை கழுத்துல நெடுக்க விரிசல் விழுது. கழுத்தைக் காய்ச்சணும்னு சொல்றாங்க. வீடியோல பார்த்தா சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போடுறான். இரும்பைக் காய்ச்சித் தண்ணியில போட்டா கெட்டியாகும்னு எட்டாங்கிளாஸ் பையனுக்கும் தெரியும். பித்தளையும் உலோகம்தானே? அப்போ தண்ணியில போடுறது வேலையையே கெடுக்குது. என் வாதம் இதுதான். காய்ச்சுற மிஷின் விலை ஆயிரம் டாலருக்கு மேல சொல்றாங்க. நீங்க வீட்லயே செஞ்சீங்கன்னு கேள்விப்பட்டேன்.

8 ஜனவரி, இரவு

வாதம் தப்பு. தண்ணியில போட்டாலும் பித்தளை கெட்டியாகாது.

கெட்டியாகிற இரும்புல, அதாவது எஃகுல, கரி இருக்கு. காய்ச்சிச் சட்டுன்னு ஆத்தினா உள்ளே இருக்கிற அமைப்பே மாறி இறுகிடும். தோட்டாப் பித்தளைங்கிறது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அதுல அந்த மாதிரி மாற்றம் எதுவும் கிடையாது. பித்தளை கெட்டியாகிறது அடியாலதான். அடிச்சாலும், இழுத்தாலும், அமுக்கினாலும் இறுகும். காய்ச்சினா இளகும். மெதுவா ஆத்துறியா, வேகமா ஆத்துறியாங்கிறது அதுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதை நான் புத்தகத்துல படிக்கலை. கும்பகோணத்துல எங்க அப்பாவுக்குப் பாத்திரப் பட்டறை. தகட்டை அடிச்சுக் குழி வாங்குவாங்க. கொஞ்ச நேரத்துல சுத்தியல் சத்தம் மாறும். முதல்ல 'தொப்பு தொப்பு'ன்னு இருக்கிறது 'டங்கு டங்கு'ன்னு ஆயிடும். அதுக்கு மேல ஒரு அடி கூட அடிக்கக் கூடாது, தகடு கீறிடும். உலையில போட்டுக் காய்ச்சி, சிவந்ததும் குறட்டால எடுத்து நேரா தண்ணித் தொட்டிக்குள்ள. 'சொர்ர்'னு ஒரு சத்தம். எடுத்தா மறுபடி இளசு. மறுபடி அடி. ஒரு குடம் முடியறதுக்குள்ள இப்படிப் பல தடவை நடக்கும்.

உன் கூட்டுக்கும் அதேதான் நடக்குது. சுடும்போது கழுத்து விரியுது, டைக்குள்ள (கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர்ற அச்சு) தள்ளும்போது சுருங்குது, குண்டை வைக்கும்போது மறுபடி விரியுது. ஒவ்வொண்ணும் ஒரு சுத்தியல் அடி. அஞ்சு தடவை லோட் பண்ணினா எத்தனை அடி ஆச்சுன்னு கணக்குப் போட்டுக்கோ.

ஒரே ஒரு வித்தியாசம், அதுதான் உயிர் போற வித்தியாசம். குடத்தை முழுசாக் காய்ச்சலாம். கூட்டுல கழுத்தையும் தோளையும் (கழுத்துக்குக் கீழே சரிவா விரியற இடம்) மட்டும்தான் காய்ச்சணும். அடிப்பாகம் கெட்டியாவே இருக்கணும். 308-ல அறைக்குள்ள அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரைக்கும் போகலாம். அடி இளகிப்போனா அந்த வாயு பின்பக்கமா, உன் மூஞ்சிப் பக்கமா வரும்.

மிஷின் கதை நாளைக்கு.

9 ஜனவரி

நாளைக்குன்னு சொன்னேன், ஆபீஸ்ல ஆள் இல்லை. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். காய்ச்சுற கூட்டுல ப்ரைமர் (அடியில இருந்து மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி) இருக்கவே கூடாது. சுட்ட ப்ரைமரா இருந்தாலும் முதல்ல தட்டி வெளியே எடுத்துடு, ஓட்டை வழியா வெளிச்சம் தெரியணும். நான் ஒரு தடவை ரெண்டு டப்பாவை மாத்தி எடுத்துட்டேன். புது ப்ரைமர் போட்ட கூடு ஒண்ணு வரிசையில நுழைஞ்சு தீக்கு முன்னாடி போய் நின்னுச்சு. படார்! மருந்து இல்லாததால பிழைச்சேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

இந்தியாவுல இருந்து படிக்கிறவங்களுக்கு: அங்கே தோட்டா சமாசாரம் எல்லாம் 1959 ஆயுதச் சட்டத்துக்குள்ள வரும். இதைப் பார்த்து யாரும் கிளம்பிடாதீங்க. நான் எழுதறது ஒஹையோவுல இருந்து.

15 ஜனவரி

முதல் வடிவத்தை மிஷின்னு சொல்ல எனக்கே கூச்சம். கையில பிடிக்கிற பேட்டரி ட்ரில், அதோட வாயில கூட்டோட அடி உள்ளே உக்கார்ற மாதிரி ஒரு சாக்கெட், எதிர்ல புரொப்பேன் டார்ச். ட்ரில்லை மெதுவாச் சுத்தவிட்டு, கூட்டோட கழுத்தைத் தீயில காட்டி, 'ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரெண்டு'ன்னு வாய்விட்டு எண்ணி, ஏழு வந்ததும் சாய்ச்சுத் தண்ணி வாளியில விடுறது. சாக்கெட் ரெண்டு விதத்துல உதவுது. அடிப்பாகத்தைத் தீயில இருந்து மறைக்குது, வர்ற சூட்டையும் கொஞ்சம் இழுத்துக்குது.

ஐம்பது கூடு வரைக்கும் இது போதும். அதுக்கு மேல எண்ணுற வாய் தூங்கிடும். நூத்திச் சொச்சத்துல என் 'ஏழு' ஒன்பது வினாடிக்குப் போயிருந்ததை மகள் ஸ்டாப்வாட்ச் வச்சுக் கண்டுபிடிச்சா.

எவ்வளவு சூடுன்னு பார்க்க ஒரு வகை வார்னிஷ் கிடைக்குது, குறிப்பிட்ட சூட்டுல உருகி நிறம் மாறும். கழுத்துக்கு உள்பக்கம் 750 டிகிரி ஃபாரன்ஹீட் வார்னிஷ், அதாவது செல்சியஸ்ல 399. தோளுக்குக் கீழே உடம்புல 450 டிகிரி வார்னிஷ், செல்சியஸ்ல 232. மேலே உள்ளது உருகணும், கீழே உள்ளது உருகக் கூடாது. (இதுல பாதியை பிப்ரவரி 19 குறிப்புல வாபஸ் வாங்கியிருக்கேன், அதையும் படிச்சுட்டு வேலையில இறங்கு.)

22 ஜனவரி

இதுதான் மிஷின்.

ஒன்பது அங்குல அலுமினியக் கேக் டின். புதுசு, வீட்டுல இருந்து எடுத்தது இல்லை, இதை முதல்லயே பதிவு பண்ணிடறேன். அதோட பக்கச் சுவர்ல கூடு படுக்கிற அகலத்துக்குக் குறுக்க ஒரு காடி வெட்டினேன். டின் நிமிர்ந்து நிக்கும், நடுவுல அச்சு, அச்சுல 12 வோல்ட் கியர் மோட்டார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் பத்து டாலர் ரெகுலேட்டர் போர்டு. டின்னுக்கு மேலே சரிவா ஒரு தகரப் பெட்டி, அதுல கூடுகள் ஒண்ணன் மேல ஒண்ணா படுத்திருக்கும். டின் சுத்தும்போது காடி பெட்டிக்கு அடியில வந்தா ஒரே ஒரு கூடு விழும். அது அப்படியே உருண்டு சாய்வான ஒரு தட்டுக்கு வரும். அங்கே இன்னொரு சக்கரம் அதை மெதுவாத் தள்ளிக்கிட்டே போகும். கூடு உருண்டுக்கிட்டே தீயைக் கடக்கும், அதனால எல்லாப் பக்கமும் சமமாச் சூடாகும். தட்டு முடியற இடத்துல ஒரு ஓட்டை, கீழே எவர்சில்வர் ட்ரே.

சொல்றப்போ சுளுவா இருக்கு. தகரப் பெட்டிச் சரிவுக்கு மட்டும் மூணு வாரம் ஆச்சு. சரிவு குறைஞ்சா கூடு இறங்காது, கூடினா ரெண்டு சேர்ந்து வந்து காடியில சிக்கும். சிக்கினா மோட்டார் நிக்கும், ஆனா தீ நிக்காது. தீக்கு முன்னாடி நிக்கிற கூடு செவசெவன்னு ஆகி, அடி வரைக்கும் நீலம் பாஞ்சுடும். அப்படிக் கெட்டதை எல்லாம் இடுக்கியால நசுக்கித் தனி டப்பாவுல போட்டுடுவேன். நசுக்காம வச்சா என்னைக்காவது ஒரு நாள் நல்லதோட கலந்துடும்.

தீயோட நீலக் கூம்பு நுனி தோளும் கழுத்தும் சேர்ற இடத்தைப் பார்த்து இருக்கணும். வாய் விளிம்பைப் பார்த்து வச்சா விளிம்பு மட்டும் கருகி, தோள் சூடேறாமலே நிக்கும்.

23 ஜனவரி

"கேக் டின்னுக்கு பதிலா இட்லித் தட்டு ஆகாதா?" ஆகாது தம்பி. குழியில உக்காந்தா கூடு உருளாது, அவியும்.

இன்னொருத்தர் எழுதியிருக்கார், 'கேஸ்'னு நான் எங்கயுமே எழுதலையேன்னு. வேணும்னேதான். தோட்டாக் கூடும் கேஸ், அடுப்புல எரியறதும் கேஸ், மாட்டினா போடுறதும் கேஸ். எதைச் சொல்றேன்னு எனக்கே குழப்பம் வரும்.

நேத்து மோட்டார் வேகம் சொல்ல விட்டுப்போச்சு. தள்ளுற சக்கரம் நிமிஷத்துக்கு ரெண்டு சுத்துக்கும் குறைவு. ஒரு கூடு தீயில இருக்கிறது ஆறு வினாடிக்குப் பக்கம். என் டார்ச்சுக்கு, என் கூட்டுக்கு.

4 பிப்ரவரி

இன்னைக்கு முழு நாளும் வீண். இருநூறு கூடு ஓட்டினேன். முதல் நாப்பது அழகு. தோளுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் வானவில் மாதிரி நிறம். அதுக்கப்புறம் நிறம் மேல மேல ஏறிக்கிட்டே போய், நூத்தைம்பதாவது கூட்டுல கழுத்து விளிம்புல மட்டும் லேசா ஒரு பழுப்பு. மோட்டார் வேகம் மாறலை. டார்ச் நகரலை. மூக்கை நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தவன் தற்செயலா சிலிண்டரைத் தொட்டேன், கை ஒட்டிக்குச்சு. பனி படிஞ்சிருக்கு!

கராஜ்ல குளிர் மைனஸ் பத்து செல்சியஸ். புரொப்பேன் திரவமா இருந்து வாயுவா மாறும்போது தன்னைத்தானே குளிர வச்சுக்கும். 20 டிகிரியில எட்டு பாருக்கு மேல இருக்கிற அழுத்தம், மைனஸ் பத்துல மூன்றரைக்குப் பக்கம் விழுந்துடும். என் டார்ச் மலிவு வகை, அழுத்தத்தைச் சமப்படுத்துற ரெகுலேட்டர் அதுல கிடையாது. அழுத்தம் விழுந்தா தீ விழும். நான் கடிகாரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். ஆறு வினாடி ஆறு வினாடியாவே இருந்துச்சு, ஆனா முதல் கூட்டுக்குக் கிடைச்ச தீ கடைசிக் கூட்டுக்குக் கிடைக்கலை.

சிலர் சிலிண்டரை வெதுவெதுப்பான தண்ணிப் பாத்திரத்துல நிக்க வைப்பாங்க. வெந்நீர் கூடவே கூடாது. நான் ரெகுலேட்டர் உள்ள டார்ச்சே வாங்கிட்டேன்.

5 பிப்ரவரி

இந்தக் கதையை அப்பாகிட்ட வீடியோ கால்ல சொன்னேன். எவர்சில்வர் வந்தப்புறம் பட்டறையை மூடினவர், இப்பவும் பித்தளைன்னா காது நிமிரும். நிறம் பாய்ஞ்ச கூட்டை கேமராவுக்குக் காட்டினேன்.

"ஏன்டா மேல மட்டும் காய்ச்சியிருக்க? அடியை ஏன் விட்ட? அரைவேலையா இருக்கே."

அழுத்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"சரிதான். குடத்துக்கு அடி வெடிச்சா தண்ணி போகும். உனக்கு மூஞ்சி போகும்."

கராஜ்ல வெளிச்சம் எப்படின்னு அடுத்து கேட்டார். டியூப் லைட் போட்டிருக்கேன்னேன். "லைட்டைப் போட்டுக்கிட்டு எவன்டா பதம் பார்ப்பான்? உலைப் பக்கம் ஜன்னலே வச்சதில்லையேடா." உண்மைதான், எங்க பட்டறையில உலை மூலை எப்பவும் இருட்டு. புகைக்காகன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அவர்கிட்ட இன்னொண்ணு சொன்னதுல ரொம்ப சுவாரஸ்யமாயிட்டார். வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல பட்டாளத் தோட்டாக்களை மழைக்காலத்துல குதிரை லாயத்துல வச்சிருந்தா, சுடாமலேயே தானா வெடிப்பு விட்டுச்சாம். காரணம் குதிரை மூத்திரத்துல இருந்து கிளம்புற அம்மோனியா. ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து, உள்ளே இறுக்கம் தங்கியிருக்கிற பித்தளையைப் பிளந்துடும். 1921-ல்தான் இதைச் சரியா விளக்கினாங்க. இறுக்கத்தைக் காய்ச்சி எடுத்துட்டா அந்த வெடிப்பு வராது. அதனாலதான் கூட்டைப் பளபளப்பாக்க அம்மோனியா கலந்த பாலிஷ் தொடாதேன்னு சொல்றது.

"மாட்டுக் கொட்டாய் பக்கம் பித்தளை அண்டாவைக் கவுத்து வைக்காதேன்னு உங்க பாட்டி கத்துவா"ன்னார் அப்பா. பாட்டி அதை அம்மோனியாவுக்காகச் சொன்னாங்களா, மாடு உதைச்சு ஒடுக்கு விழும்னு சொன்னாங்களா, இப்போ கேக்க முடியாது.

19 பிப்ரவரி

ரெண்டு திருத்தம், ரெண்டும் என் மேலயே.

ஒண்ணு. 750 டிகிரி வார்னிஷ் உருகினா வேலை முடிஞ்சதுன்னு ஜனவரி 15-ல எழுதினேன். முடியலை. காய்ச்சுறதுல சூடும் நேரமும் கூட்டாளிங்க. 399 செல்சியஸ்ல நிறைய நேரம் வச்சா நல்லா இளகும். நம்ம வச்சிருக்கிறது சில வினாடி, அதுல இறுக்கம் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். வினாடிக் கணக்குல முழுசா இளகணும்னா 500 செல்சியஸுக்கு மேல போகணும், இருட்டுல பார்த்தா கழுத்து மங்கலாச் சிவக்க ஆரம்பிக்கிற கட்டம். வார்னிஷ் மட்டும் பார்த்துக் காய்ச்சின கூட்டையும், இருட்டுல சிவப்பு எட்டிப் பார்க்கிற வரைக்கும் காய்ச்சின கூட்டையும் இடுக்கியால அமுக்கிப் பார்த்தேன். கைக்கே தெரியுது. முதலாவது விட்டா திரும்பி வருது, ரெண்டாவது அமுக்கின இடத்துலயே கிடக்குது. ஆனா உடம்புக்கு 450 வார்னிஷ் கட்டாயம், அதை வாபஸ் வாங்கலை.

ரெண்டு. தீ ஆரஞ்சு நிறமானா துத்தநாகம் எரியுதுன்னு ஒருத்தருக்குத் தனிச் செய்தியில அடிச்சுச் சொன்னேன். துத்தநாகம் எரிஞ்சா நீலமும் பச்சையும் கலந்து வரும், வெள்ளைப் புகை வரும். துளி சோடியம் இருந்தாலே தீ மஞ்சளாகும், கைவேர்வை உப்பே போதும். கூட்டை நல்லாக் கழுவிக் காயவச்சு, கையுறை போட்டு அடுக்கினேன், ஆரஞ்சு பாதியாக் குறைஞ்சுது. அந்த நண்பர் மன்னிக்கணும்.

12 மார்ச்

தீயை விட்டுட்டேன். இப்போ இண்டக்ஷன்.

1000 வாட் இண்டக்ஷன் போர்டு, 48 வோல்ட் சப்ளை, செம்புக் குழாய்ல சுத்தின காயில், குழாய்க்குள்ள மீன் தொட்டி பம்ப் வச்சுத் தண்ணி ஓட்டம். கூடு காயிலுக்கு நடுவுல செங்குத்தா நிக்கும். அடியில கதவுப் பூட்டு சொலினாய்டு (மின்சாரத்துல நகர்ற கம்பி) ஒரு சின்னக் கதவைப் பிடிச்சிருக்கும். ஆர்டுயினோ (சின்ன கணினிப் பலகை) எண்ணி முடிச்சதும் கதவு திறக்கும், கூடு விழும்.

காயில்ல ஓடுற மின்சாரம் கூட்டோட சுவர்லயே மின்சாரத்தைக் கிளப்பி அதைச் சூடாக்குது. 100 கிலோஹெர்ட்ஸ்ல அது பித்தளைக்குள்ள ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் போகும். 308 கழுத்துச் சுவர் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். நல்ல பொருத்தம்.

முதல் போர்டு முதல் நாளே போச்சு. சப்ளையையே சுவர் சுவிட்சுல போட்டு அணைச்சுக்கிட்டிருந்தேன். சப்ளை வோல்ட் மெதுவா ஏறினா இந்த மாதிரி போர்டு ஊசலாடத் தொடங்காது. அதுல இருக்கிற ரெண்டு மாஸ்ஃபெட்டும் (மின்சாரத்தைத் திறந்து மூடுற சில்லு) ஒரே நேரத்துல திறந்து நிக்கும், அப்புறம் புகை. சப்ளை எப்பவும் உயிரோட இருக்கணும், டிசி பக்கத்துல, அதாவது சப்ளைக்கும் போர்டுக்கும் நடுவுலதான், ரிலே (மின்சாரத்துல இயங்குற சுவிட்ச்) போடணும்.

ரெண்டாவது போர்டு ரெண்டாவது வாரம். சாஞ்சு விழுந்த கூடு காயிலோட ரெண்டு சுத்தைத் தொட்டு ஷார்ட். இப்போ காயிலுக்கு உள்ளே ஒரு பீங்கான் குழாய் வச்சிருக்கேன்.

மூணாவது போர்டு ஓடுது. ஒரு கூட்டுக்கு 3.4 வினாடி.

13 மார்ச்

மூணு போர்டு, ரெண்டு டார்ச், மோட்டார், சொலினாய்டு எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தியான்னு ஒருத்தர் கேக்கறார். கூட்டலை. நீங்களும் கூட்டாதீங்க.

26 மார்ச்

3.4 வினாடின்னு எழுதினதைப் பார்த்து மூணு பேர் அப்படியே வச்சிருக்காங்க. ஐயா, அது என் காயில், என் சப்ளை, ஒரே தயாரிப்புக் கூடு. மிசௌரியில இருக்கிற லேக் சிட்டி பட்டாளத் தொழிற்சாலைக் கூட்டை அதே நேரத்துக்கு வச்சா சிவப்பே எட்டிப் பார்க்கலை. அது கனமான கூடு, சூடேற நேரம் எடுக்கும். அதுக்கு 3.9 வச்சேன். எல்லாக் கூட்டையும் ஒரே வாளியில கொட்டி ஓட்டுறவன் காய்ச்சாமலே இருக்கலாம். அடியில குத்தியிருக்கிற பேரைப் பார்த்துப் பிரிச்சு வை.

லேக் சிட்டி கூட்டுல கழுத்துப் பக்கம் நீலம் பழுப்பா ஒரு கறை இருக்கும். தொழிற்சாலையில காய்ச்சின தடம் அது, பட்டாளத்துக்குன்னு அப்படியே விட்டுடுவாங்க. கடைத் தோட்டாவுலயும் காய்ச்சுவாங்க, மெருகேத்தி மறைச்சுடுவாங்க. நம்ம கூட்டோட நிறம் எங்க வரைக்கும் இறங்கலாம்னு பார்க்க அதுதான் இலவச மாதிரி. நேரம் பிசகாம வச்சும் நிறம் வேற வேற மாதிரி வந்தா பயப்படாதே, நிறத்துல வெளிச்சமும் கூட்டோட சுத்தமும் விளையாடும்.

18 ஜூன்

மூணு மாசக் கணக்கு. ஐம்பது கூடு காய்ச்சினது, ஐம்பது காய்ச்சாதது, ரெண்டுக்கும் ஒரே மருந்து, ஒரே குண்டு. எட்டாவது லோட் முடிஞ்சிருக்கு. காய்ச்சாததுல பதினொண்ணுக்குக் கழுத்து வெடிச்சுது. காய்ச்சினதுல ஒண்ணும் இல்லை.

டைக்குள்ள விட்டு எடுத்தப்புறம் தோள் எங்க நிக்குதுன்னு அளந்தேன். காய்ச்சாதது ஒண்ணுக்கொண்ணு 0.004 அங்குலம் வரைக்கும் வித்தியாசம், காய்ச்சினது 0.001-க்குள்ள. இறுகின பித்தளை அமுக்கி விட்டா திமிறித் திரும்பி வரும், ஒவ்வொண்ணும் அதோட இஷ்டத்துக்கு.

குறி? எல்லாரும் இதுக்குத்தான் காத்திருக்கீங்க. 300 கஜத்துல எனக்கு வித்தியாசம் தெரியலை. 600-லயும் தெரியலை. நல்லாச் சுடுறவன் கையில கொடுத்தா தெரியலாம், என் கையில என் நடுக்கம்தான் பெருசு. ஒஹையோவுல ஈரி ஏரிக் கரையில நடக்கிற கேம்ப் பெர்ரி துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு இந்த வருஷம் போறேன், அங்கே தோத்தாலும் கழுத்து மேல பழி போட முடியாது.

2 செப்டம்பர்

கேள்வி கேட்ட டெக்சஸ் தம்பி திரும்பி வந்திருக்கார். கேக் டின் மிஷினை அவருக்கே பார்சல் அனுப்பியிருந்தேன், தபால் செலவு அவருது. ஓடுதாம். தகரப் பெட்டிச் சரிவை மாத்திட்டாராம், இப்போ சிக்கவே இல்லையாம். மூணு வாரம் நான் மல்லுக்கட்டினதை ஒரு மத்தியானத்துல முடிச்சிருக்கார், கோணத்தைக் கேட்டு எழுதியிருக்கேன்.

அவர் அடுத்த கேள்வி, இன்னொரு வகைத் தோட்டாவைப் பத்தி: "6.5 கிரீட்மோர் கூட்டுக்கு எத்தனை வினாடி?"

வினாடி கேக்காதே தம்பி. வெடிச்சுக் கெட்ட கூடு நாலஞ்சு எடுத்துக்கோ, ஒரே பேர் குத்தினதா பார்த்து. உடம்புல 450 வார்னிஷ் பூசு. ராத்திரி வரைக்கும் காத்திரு, கராஜ் விளக்கை அணை, கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். குறைஞ்ச வேகத்துல ஆரம்பிக்காதே, வேகமாச் சுத்தவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வா. கழுத்து லேசாச் சிவந்து, வார்னிஷ் உருகாம நிக்கிற இடத்துல மோட்டார் வேக ரெகுலேட்டர் குமிழ்ல பேனாவால ஒரு கோடு போடு. கடைசியா ஒரு கூட்டைக் கையுறையோட எடுத்துக் கழுத்தை இடுக்கியால அமுக்கிப் பாரு. டெக்சஸ்ல உனக்கு எங்க ஊர் அளவுக்குக் குளிர் இருக்காது, அந்தக் கவலை குறைவு. ஆனா வெயில்ல சிலிண்டர் சூடானா தீ ஏறும். கோடு போட்ட நேரத்துல கராஜ் எத்தனை டிகிரின்னும் எழுதி வச்சுக்கோ.